ஆலைக் கழிவும் புளித்த மண்ணும்



கிளைக் கூட்டங்களுக்குப் போகும்போது செம்பனைத் தோட்டத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, ஆலைக்குப் பின்னாடி இருக்கிற குளத்துத் தண்ணிய டிராக்டர்ல கொண்டாந்து தீம்பார்ல ஊத்துறாங்களே, அது உரமா, வெஷமா? அதுல நாள் முழுக்க நிக்கிற எங்களுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்பார்கள். இதை மண்டோரிடம் கேட்டால் "வேலையப் பாரு" என்பார். கிராணியிடம் கேட்டால் துரையைக் கேட்கச் சொல்வார். துரையிடம் போய்க் கேட்க நம்ம ஆளுங்களில் எத்தனை பேருக்கு வாய் வரும்? அதனால் இந்த வாரம் இதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

பக்குவம் செய்யாமல் ஊற்றினால் அது கெடுதல். பக்குவம் செய்து, அளவாகப் பாய்ச்சினால் நல்ல உரம். நம்ம நாட்டுப் புளித்த மண்ணுக்கு அது உரம் மட்டுமல்ல, மருந்தும்கூட. ஆனால் மண்ணுக்கு மருந்தாக இருப்பது வேலை செய்கிறவன் உடம்புக்கும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் மண். மண்ணின் புளிப்பை அளக்க ஓர் எண் வைத்திருக்கிறார்கள், பி.எச். என்று பெயர். 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. 7க்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடியது என்று கணக்கு. மலேசியாவின் உள்நாட்டுச் செம்மண் தோட்டங்களில் இது பெரும்பாலும் 4க்கும் 5க்கும் நடுவில் நிற்கும். காரணம் நம்ம மழைதான். ஆயிரமாயிரம் ஆண்டாகப் பெய்த மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அவை போன இடத்தில் புளிப்பும் அலுமினியமும் தங்கிவிட்டன. புளிப்பு அதிகமான மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் குட்டையாகிக் கீழே இறங்காது. வேர் இறங்காத மரத்துக்கு எவ்வளவு உரம் போட்டாலும் பாதி மழையோடு போகும்.

இதில் இன்னொரு சங்கடம், நாம் மூட்டை மூட்டையாய்ச் சுமந்து போடுகிற அம்மோனியம் சல்பேட் உரமே மண்ணை மேலும் புளிக்க வைக்கும். யூரியாவும் ஓரளவுக்கு அப்படித்தான். வட்டத்துக்குள் வருஷக்கணக்காக உரம் விழுந்த இடத்து மண்ணைச் சோதித்தால், நிரைக்கு நடுவில் இருக்கிற மண்ணைவிட அது புளிப்பாக இருப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம்.

கடலோரத் தோட்டங்களின் கதை வேறு. சிலாங்கூர், ஜொகூர் மேற்குக் கரையோரம் வேலை செய்தவர்களுக்கு அந்த மண் தெரியும். தோண்டினால் சாம்பல் நிறக் களியில் மஞ்சள் மஞ்சளாகக் கோடு ஓடும். கால்வாய்த் தண்ணீர் துருப்பிடித்த தகரத்தைக் கழுவிய மாதிரிச் சிவப்பாய்க் கிடக்கும். சதுப்பு நிலத்துக்கு அடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த தாது ஒன்று தண்ணீருக்குள் சும்மா உறங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் போட வேண்டும் என்று ஆழமாகக் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்ததும் அதில் காற்றுப் பட்டது. காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறியது. அந்த மண்ணில் பி.எச். 3.5க்குக் கீழேயே போகும். ஒரு காலத்தில் ஆழமாக வடிப்பதுதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம் என்று நினைத்தார்கள். பிறகுதான் தடுப்புப் பலகை போட்டு, அந்த மஞ்சள் படிவத்துக்கு மேலே வரை தண்ணீரை நிறுத்தினால் மரம் தேறுகிறது என்று கண்டுகொண்டார்கள். தண்ணீர்ப் பலகையை எடுத்து மீன் பிடிக்கும் தம்பிமார்கள் இதை மனத்தில் வையுங்கள். பலகையைத் திரும்பப் போடாமல் வந்தால் வறட்சி மாதத்தில் அந்தத் தீம்பாருக்கு நல்லதில்லை.

சரி, இந்தப் புளிப்புக்கு ஆலைக் கழிவு என்ன செய்யும்?

ஆலைக்குள் போகும் 100 டன் பழக்குலையில் எண்ணெயாக வெளியே வருவது ஏறக்குறைய 20 டன்தான். பழம் உதிர்த்த வெற்றுக் குலை மட்டும் 20 டன்னுக்கு மேல் விழும். தண்டான் கோசோங் என்று நம்ம ஆளுங்க சொல்வது அதைத்தான். நாரும் ஓடும் கொதிகலனுக்கு எரிபொருளாகப் போகும். இவற்றோடு 60, 70 டன் கழிவுநீர். பழத்தை அவித்த நீராவி, எண்ணெயைப் பிரிக்கச் சேர்த்த வெந்நீர், கழுவிய தண்ணீர் எல்லாம் சேர்ந்தது அது. 100க்கு 95 பங்கு வெறும் தண்ணீர்தான். மிச்சம் இருக்கிற 5 பங்கில்தான் எல்லாக் கெட்ட பேரும், எல்லா நல்லதும்.

ஆலையிலிருந்து வரும்போது அது கொதிக்கக் கொதிக்க வரும். 80 டிகிரிக்கு மேல் சூடு. புளிப்பும் அதிகம், பி.எச். 4 அளவில்தான். தண்ணீரிலுள்ள பிராணவாயுவை ஒரு கழிவு எவ்வளவு தின்றுவிடும் என்பதற்கு பி.ஓ.டி. என்றோர் அளவு உண்டு. செம்பனை ஆலைக் கழிவுநீரில் அது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் நிற்கும். பட்டணத்துச் சாக்கடையைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு! இதைத்தான் ஒரு காலத்தில் அப்படியே ஆற்றில் விட்டார்கள். ஆறு கறுத்தது, மீன் செத்து மிதந்தது. ஆற்றங்கரையில் குளித்த, துவைத்த தோட்டத்துச் சனங்களும் கம்பத்து மக்களும்தான் அதை அனுபவித்தவர்கள். பால்மர ஆலைக் கழிவும் அப்போது இதே வேலையைத்தான் செய்தது.

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதிகள் 1977இல் வந்தன. 1978இல் 5,000 என்று ஆரம்பித்த பி.ஓ.டி. வரம்பை ஆண்டுக்கு ஆண்டு இறுக்கி, 1984இல் ஆற்றில் விடும் தண்ணீருக்கு 100 என்று கொண்டுவந்தார்கள். நிலத்தில் பாய்ச்சும் தண்ணீருக்கு 5,000 என்ற வரம்பு. இதைக் கவனியுங்கள். ஆற்றுக்கு 100, நிலத்துக்கு 5,000. நிலம் அதைத் தாங்கும், தாங்கி மரத்துக்கும் கொடுக்கும் என்ற கணக்கில் அந்த அனுமதி. தோட்டங்கள் நிலத்தில் பாய்ச்ச ஆரம்பித்ததற்கு உர ஆசை மட்டும் காரணமில்லை. அந்த 100க்குக் கொண்டுவர ஆகும் செலவும் ஒரு காரணம். யாரும் நமக்காகச் செய்யவில்லை, ஆனாலும் நல்லதுதான் நடந்தது.

பக்குவம் என்று சொல்வது குளங்களில் நடக்கிறது. ஆழமான முதல் குளங்களில் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் கழிவைத் தின்கின்றன. குளம் குளமாக மாறி வெளியே வர இரண்டு மாதம்வரைகூட ஆகும். அதற்குள் புளிப்பைக் கொடுத்த அமிலங்களைக் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். உள்ளே போகும்போது 4ஆக இருந்த பி.எச்., வெளியே வரும்போது 7ஐத் தாண்டியிருக்கும். புளித்த தண்ணீராகப் போய்ப் புளிப்பில்லாத தண்ணீராக வருகிறது. மரத்துக்கு வேண்டிய சத்துகளில் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. மற்றவை குளத்தின் அடியில் சேறாகப் படிகின்றன.

ஆயிரம் லிட்டர் கழிவுநீரில் பொட்டாசியம் மட்டும் 2 கிலோவுக்கு மேல் இருக்கிறது. தழைச்சத்து முக்கால் கிலோ அளவில். மெக்னீசியம் அரைக் கிலோவுக்கு மேல். சுண்ணாம்புச் சத்தும் உண்டு. மழை கழுவிக்கொண்டு போன அதே சரக்குகள்தான். தண்ணீரோடு போகும் மக்கிய பொருள், வேரைத் தாக்கும் அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேர் மறுபடி ஓடும். வறட்சியில் பாய்ச்சினால் தண்ணீருக்குத் தண்ணீரும் ஆச்சு.

பக்குவம் செய்யாததைப் பாய்ச்சினால் என்ன ஆகும்? எண்ணெயும் சேறும் மண்ணின் கண்ணை அடைத்துவிடும். மண்ணுக்குள் காற்றுப் போகாது, கீழே இருக்கிற புல் கருகும், தண்ணீர் தேங்கி நாறும், ஈ மொய்க்கும். உங்கள் தீம்பாரில் பாய்ச்சிய இடம் நாள் கணக்கில் கறுத்துக் குளம் கட்டி நின்றால், அது ஒன்று பக்குவமாகாத தண்ணீர், இல்லையென்றால் அளவுக்கு மீறி ஊற்றியது. இரண்டில் எதுவானாலும் அது மரத்துக்காகச் செய்த வேலை இல்லை, குளத்தைக் காலி பண்ணச் செய்த வேலை. மழை பெய்தால் அது அல்லூரில் இறங்கி ஆற்றுக்குத்தான் போகும்.

இனி வெற்றுக் குலை. ஒரு டன் வெற்றுக் குலையில் ஏறக்குறைய 7 கிலோ யூரியா, 19 கிலோ பொட்டாஷ் உரம், 4 கிலோவுக்கு மேல் கீசரைட், 3 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பாறைப் பாஸ்பேட் ஆகியவற்றுக்குச் சமமான சத்து இருக்கிறது. காய்க்கும் மரங்களுக்கு ஒரு ஹெக்டருக்கு ஆண்டுக்கு 35, 40 டன் பரப்பலாம். அதன் பொட்டாஷ் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நம்ம நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. எல்லாம் கப்பலில் வரவேண்டியது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் உர விலை எகிறியபோது, ஆலை முற்றத்தில் கிடந்த குலைக் குவியலைப் பார்த்துத் தோட்ட நிர்வாகங்கள் கைகூப்பிக் கும்பிட்டிருக்க வேண்டும்!

பரப்புவதில் ஒரு முறை இருக்கிறது. ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். லோரியிலிருந்து கொட்டிய குவியலை அப்படியே விட்டால் அதற்குள் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அந்த வண்டு பிறகு இளம் மரத்தின் குருத்தைத் துளைக்கும். ஒரே அடுக்காகப் பரப்பிய இடத்தில் சில மாதம் கழித்துக் குலையைப் புரட்டிப் பாருங்கள். அடியில் மண் ஈரமாக, கறுப்பாக, வெள்ளை வேர் பின்னிக் கிடக்கும். மண்ணின் புளிப்பு மெல்ல மெல்ல இறங்கும். ஒரே மழையில் இறங்கிவிடாது.

சில இடங்களில் குலையை நறுக்கி, கழிவுநீரைத் தெளித்து, புரட்டிப் புரட்டி இரண்டு மூன்று மாதத்தில் கம்போஸ்ட் உரமாக்குகிறார்கள். நல்ல சரக்கு, சுமையும் குறைவு.

சாம்பலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முன்பு ஆலைகளில் வெற்றுக் குலையைச் சூளையில் எரித்துச் சாம்பலாக்குவார்கள். அந்தக் குலைச் சாம்பலில் 100க்கு 30, 40 பங்கு பொட்டாஷ். பி.எச். 12ஐத் தொடும் காரம். கடலோரப் புளித்த மண்ணுக்கும் கரி மண்ணுக்கும் அதைப்போல மருந்து கிடையாது. ஆனால் வியர்வை பட்டதும் அது தோலைத் தின்னும். உரம் போட்ட அம்மாமார்களின் கையும் காலும் வெந்து போனதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தோட்டத்தில் ஓர் அம்மா சேலைத் தலைப்பைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொண்டு சாம்பல் வீசினார். கையுறை கேட்டதற்கு "அடுத்த மாசம்" என்றார்களாம். எத்தனை மாதமாக என்று கேட்டேன், அந்த அம்மா சிரித்தார். புகை பற்றிய விதிகள் இறுகிய பிறகு அந்தச் சூளைகள் பெரும்பாலும் நின்றுபோய்விட்டன. கொதிகலன் சாம்பல் இன்றும் கிடைக்கிறது. அதில் காரம் குறைவு என்றாலும் கையுறையும் ரப்பர்ச் சப்பாத்தும் முகமூடியும் இல்லாமல் போடக் கூடாது. சாம்பலையும் அம்மோனியம் சல்பேட்டையும் ஒரே நாளில் ஒரே வட்டத்தில் போடச் சொன்னால் மண்டோரிடம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் தழைச்சத்து ஆவியாகக் காற்றில் போகும். கண்ணும் எரியும், உரமும் வீண்.

இப்போது நம்ம பக்கத்து விஷயம்.

வெற்றுக் குலை ஆலையிலிருந்து தூரம் போகாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், லோரிக் கூலி கட்டாது. ஆகவே ஆலைக்குப் பக்கத்துத் தீம்பார்களுக்கே அது திரும்பத் திரும்பப் போகிறது. அங்கே குலை பெருக்கிறது, தூரத்துத் தீம்பாரில் சிறுக்கிறது. டன் கணக்கில் சம்பளம் வாங்கும் பழம் வெட்டுகிறவருக்கு இது என்ன அர்த்தம்? ஒரே கத்தி, ஒரே வெயில், ஒரே உழைப்பு, ஆனால் மாதக் கடைசியில் வேறு வேறு சம்பளம். தீம்பாரைச் சுழற்சியாக மாற்றிக் கொடு என்று நாம் கேட்பது இதனால்தான். இது சோம்பேறித்தனம் அல்ல.

இன்னொன்று, குலை போட்டோம் என்று சொல்லி மற்ற உரத்தை அடியோடு நிறுத்துகிற நிர்வாகம் இருக்கிறது. வெற்றுக் குலையில் பாஸ்பேட் குறைவு. மண்ணுக்கு மண் போரானும் வேண்டியிருக்கும். இலையைச் சோதித்துப் பார்க்காமல் உரத்தை நிறுத்தினால் அதன் பலன் ஓரிரு வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது குறைந்த டன்னுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் வெட்டுகிறவராகத்தான் இருப்பார். "ஏன்டா பழம் கொறஞ்சுது" என்று பெரட்டில் திட்டு வாங்குபவரும் அவரே.

குலை பரப்பும் கூலியையும் பாருங்கள். ஈரக் குலையைத் தூக்கிப் போடுவது சுளுவான வேலை இல்லை. நெருஞ்சி மாதிரிக் குத்தும், இடுப்பை ஒடிக்கும். அதை நாள் கணக்கில் கொடுக்கிறார்களா, டன் கணக்கிலா, ஹெக்டர் கணக்கிலா, எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். குலையின் எடையை ஆலைத் தராசுச் சீட்டில் பார்க்கலாம். சீட்டைக் காட்டாமல் கண்பார்வையில் டன் போடுகிற இடத்தில் ஏமாற்று நடக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது குளத்து ஆபத்து. முதல் குளங்களின் மேலே ஏடு கட்டி, புல்லும் முளைத்து, கெட்டித் தரைபோலத் தெரியும். கால் வைத்தால் உள்ளே வாங்கிவிடும். ஆழம் 15, 20 அடிகூட இருக்கும். லயத்துப் பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகிற தூரத்தில் வேலியில்லாத குளம் இருந்தால் இன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். குளத்திலிருந்து மீத்தேன் எழும், தீப்பிடிக்கும் வாயு அது. இப்போது பல ஆலைகள் அதை மூடிப் பிடித்து எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. கூடவே அழுகிய முட்டை வாடை அடிக்கும் வாயு ஒன்றும் வரும், ஹைட்ரஜன் சல்பைடு. இதன் சூழ்ச்சியைத் தெரிந்துகொள்ளுங்கள். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமானதும் மூக்கை மரக்க வைத்துவிடும், வாடையே தெரியாது. "நாத்தம் போச்சு, எறங்கலாம்" என்று நினைத்துத் தொட்டிக்குள் இறங்குகிறவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் நண்பரும் விழுவார்.

தொட்டி, சம்ப் குழி, குழாய்க்கிணறு எதிலும் வாயுவை அளக்காமல், அதற்குப் பயிற்சி பெற்றவர் இல்லாமல், வெளியே கயிறோடு ஆள் நிற்காமல் இறங்கக் கூடாது. வெளிக்காட்டு வேலைக்காரரை "சும்மா ஒரு கை கொடு" என்று கூப்பிட்டுச் சேறு அள்ள இறக்குவது சட்டத்துக்கு விரோதம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதில் 26ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும் என்பதும் சட்டம். உங்கள் தோட்டத்துக் குழுவில் தொழிலாளர் சார்பில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியுமா? கிராணியின் மச்சானா, நீங்கள் தேர்ந்தெடுத்தவரா?

கடைசியாக, வீட்டுத் தோட்டம் போடுகிற தாய்மார்கள் கேட்டதற்குப் பதில். லயத்துக்குப் பின்னால் கீரையும் கத்தரியும் வெண்டையும் தேறவில்லை, மரவள்ளி மட்டும் வருகிறது என்றால் மண் புளித்திருக்கும் என்று சந்தேகப்படலாம். மரவள்ளி புளிப்பைத் தாங்கும், மற்றவை தாங்கா. ஆலையில் கேட்டு ஆறிய கொதிகலன் சாம்பல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். நாலடிக்கு நாலடிப் பாத்திக்கு ஒரு பால் டின் அளவு போதும். மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து, தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் கழித்து விதையுங்கள். செடியின் தண்டில் படப் போடாதீர்கள், கருகிவிடும். கூடக் கொஞ்சம் போட்டால் கூட விளையும் என்று டின் டின்னாகக் கொட்டாதீர்கள், மண் மறுபக்கம் காரமாகிக் கெட்டுப்போகும். மக்கிய குலைத் தூள் கிடைத்தால் ஒரு விரல் கனத்துக்கு மேலே பரப்பலாம், கோழி எருவும் சேர்க்கலாம். பச்சையாகச் சமைக்கிற, கடிக்கிற எதற்கும் குளத்துத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். சாம்பல் அள்ளும்போது பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள், கையில் பழைய பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொள்ளுங்கள்.

குலை பரப்பும் கூலி விஷயமாகச் சங்கத்துக்கு எழுதுகிறவர்கள், தோட்டத்தின் பேர், தீம்பார் எண், எத்தனை பேர் எத்தனை நாள் செய்தார்கள், தராசுச் சீட்டு இருந்தால் அதன் நகல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். வாய்ச்சொல்லாக வந்தால் அடுத்த பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைக்க எங்கள் கையில் ஒன்றும் இருக்காது.